ஊஞ்சல் சேலையின் நிறம்

உமாபதியின் பெயர் சினிமாத் திரையில் விழுந்தது ஒரே ஒரு படத்தின் இடைவேளையில்தான். பெயரைப் பார்த்தவுடன் அவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "நிறுத்துடா! எவன்டா அதுல என் பேரைப் போட்டது?" என்று கத்தினார். திரையில் தன் பெயரைக் கண்டு பூரித்துப்போனவர்களைக் காஞ்சிபுரம் பார்த்திருக்கிறது. அதற்காகக் கொட்டகையையே கலக்கியவர் அவர் ஒருவர்தான்.

நாள் 1971 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டரை மணிக் காட்சி. படம் 'சந்தனவல்லி'. 1949 தீபாவளிக்கு வந்து இதே ஊரில் எழுபத்தெட்டு நாள் ஓடிய கறுப்பு வெள்ளைப் படம். அதை வேறொரு கம்பெனி வாங்கி, வெட்டி, ஒட்டி, 'புத்தம் புதிய காப்பி! கண்கவர் வண்ணப் பாடலுடன்!' என்ற சுவரொட்டியோடு அந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் இறக்கியிருந்தது.

உமாபதி பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி. அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதினோராவது வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். குள்ளமான உருவம், நெற்றி நிறைய விபூதி, மூக்கு நுனியில் எப்போதும் கோபம். சாயப்பட்டறையிலிருந்து வந்த பட்டில் ஒரு கழி நூல் நிறம் மங்கியிருந்தாலும் தறியை விட்டு ஏறி, வேகாத வெயிலில் நடந்தே போய், சாயக்காரர் முன்னால் வீசிவிட்டு வருவார். சுவாமி புறப்பாடு சொன்ன நேரத்துக்குத் தெருவுக்கு வராவிட்டால் சுவாமியையும் சேர்த்துத் திட்டுவார். இப்படிப்பட்ட மனிதரிடம் பெருமை பேச ஒரே ஒரு சங்கதிதான் இருந்தது. 'சந்தனவல்லி'யில் கதாநாயகி ஊஞ்சலில் உட்கார்ந்து பாடும்போது கட்டியிருந்த சேலை அவர் நெய்தது.

ஊரில் அதற்கு 'ஊஞ்சல் சேலை' என்றே பெயர். திரையில் அது வெள்ளையாய்த் தெரிந்தது. பட்டு வெள்ளையாக இருக்காது என்று தெரிந்த ஊர் என்பதால் பார்த்தவர்கள் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். சந்தன நிறம் என்றார்கள், வெங்காயத்தோல் நிறம் என்றார்கள், பந்தயம் கட்டினார்கள். தகராறு முற்றினால் கடைசியில் உமாபதி வீட்டு வாசலுக்கு வருவார்கள். அவர் தறியில் இருந்தபடியே சொல்லுவார்:

"ஒடம்பு மாம்பழ நெறம். கரை அரக்கு. கரை சேர்ற எடத்துல கோபுர வரிசை. முந்தியில பதினோரு அன்னம். போதுமா? போய் வேலையைப் பாருங்க."

இருபத்திரண்டு வருஷமாய் அதுதான் தீர்ப்பு. அதைக் கேட்டு நெய்த மாம்பழ நிறச் சேலைகளில்தான் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் நலங்குக்கு உட்கார்ந்தார்கள்.

அன்று அவரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துரைக்கண்ணு. கொட்டகைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர்; உமாபதிக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். பழைய 'சந்தனவல்லி'யை முப்பத்தொரு முறை பார்த்தவர். படத்துக்கு முன்னால் காட்டும் சென்சார் சர்ட்டிபிகேட்டில் நீளம் 12,900 அடி என்று வந்ததுமே அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்பு 17,240 அடி.

"நாலாயிரத்து முன்னூத்தி நாப்பது அடி காணோம்பா. ஒரு நாடகமே போடலாம் அதுல."

"படத்தைப் பாருடா முதல்ல."

"எதைப் பாக்கறது? தோ, இங்க ஒரு பாட்டு இருந்தது. தூக்கிட்டானுங்க. மந்திரி சிரிச்சிக்கினே வெஷம் கலக்குவானே, அதையும் காணோம். இப்ப அந்தாளு எதுக்கு ஓடறான்னு புதுசா பாக்கறவனுக்குத் தெரியுமா?"

இருந்தாலும் துரைக்கண்ணு எழுந்து போகவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முறை வைதுவிட்டு, அடுத்த காட்சிக்கு முன்னைவிட ஆவலாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊஞ்சல் காட்சி வந்தது. கதாநாயகி வந்து உட்கார்ந்தாள். ஊஞ்சல் ஒரு முறை முன்னால் வந்தது. முந்தியில் பதினோரு அன்னங்கள் வரிசையாய்த் தெரிந்தன. பத்தும் ஒரே திசையில் பார்க்க, நாலாவது அன்னம் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தது. துரைக்கண்ணு உமாபதியின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"வந்துச்சுபா உன் அன்னம்!"

அடுத்த கணம் திரை பளீரென்று நிறமாயிற்று.

கொட்டகை முழுக்க விசில் பறந்தது. ஊஞ்சல் இல்லை. ஒரு பூந்தோட்டம். யாரோ ஒரு பெண் முகத்தைக் காட்டாமல் செடிகளுக்கு நடுவே ஓடினாள். பழைய பாட்டுக்குப் பதில் புதுப் பாட்டு, புதுக் குரல். அவள் கட்டியிருந்தது பளபளவென்ற நீலச் சேலை. ரோஜா நிறக் கரை. கரையில் கொடி. முந்தியில் அன்னமும் இல்லை, ஆந்தையும் இல்லை. நாலு நிமிஷம் ஓடி முடித்ததும் திரை மறுபடியும் கறுப்பு வெள்ளையாகி, பழைய கதாநாயகி பழைய சேலையில் ஊஞ்சலை விட்டு இறங்கினாள்.

உமாபதிக்குக் காது மடல் சுட்டது. கோர்வைச் சேலையில் உடம்பையும் கரையையும் குறுக்கு நூல் ஓட்டும் தனித்தனி நாடாவால் நெய்து, வரிக்கு வரி கோத்து வாங்கவேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் அந்த இடம் பிரிந்து நிற்கும். முதலாளி கண்டுபிடித்து மூஞ்சியில் எறிவான். இங்கே பெண்ணே மாறியிருந்தாள். கைதட்டுகிறார்கள்! பக்கத்தில் திரும்பினால் துரைக்கண்ணுவும் வாயில் விரலை வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, நீயுமா?"

"தானா வந்துடுச்சுபா." துரைக்கண்ணு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "கலரு ஷோக்காத்தான் இருக்குது. ஆனா வயிறு எரியுது."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுடா."

"ரெண்டும்தான்பா. நான் இன்னா பண்ணட்டும்?"

இடைவேளை. பல்பொடி விளம்பரம் வந்தது. குடை விளம்பரம் வந்தது. பிறகு ஒரு கண்ணாடிச் சிலைடு. ஓரத்தில் நீலச் சேலை கட்டிய பெண்ணின் படம். நடுவில் கொட்டை எழுத்தில்: 'சந்தனவல்லி அணிந்த அசல் ஊஞ்சல் சேலை! அதே நீலம்! அதே ரோஜாக் கரை! நெய்பவர்: அன்று நெய்த அதே பிள்ளையார்பாளையம் உமாபதி.' கீழே பட்டுக்கடையின் பெயர்.

அப்போதுதான் அவர் பெஞ்சின் மேல் ஏறியது.

மேனேஜர் குப்புசாமி அவரைத் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். "பெரியவரே, ஊரே பேர் வரலியேன்னு ஏங்குது, ஒமக்கு வந்ததுக்கா சண்டை? சிலைடு கடைக்காரர் குடுக்கறாரு, நான் போடறேன். பேஜார் பண்ணாம அவரைப் போய்க் கேளும்."

மறுநாள் திங்கட்கிழமை கடை திறக்கும்போதே உமாபதி வாசலில் நின்றார்.

கடை முதலாளி மாணிக்கவாசகத்துக்கு முப்பத்தாறு வயது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்குத்தான் உமாபதி நெய்துவந்தார். ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆடியில் பட்டு வாங்க ஆள் வராது. ஆனால் அன்று காலையிலேயே நாலு பெண்கள் உள்ளே உட்கார்ந்து நீலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணா, வாங்க. சிலைடு பாத்தீங்களா?"

"பாத்தேன் சின்ன முதலாளி. என் பேரை எடுத்துடுங்க."

"எதுக்கு?"

"நான் நெய்தது மாம்பழம். ஒங்கப்பாரு தன் கையால பட்டு எடுத்துக் குடுத்தாரு. வெள்ளையா இருந்தா லைட்டுல எரியும், மாம்பழ நெறம்னா படத்துல பதவிசா வரும்னு கேமராக்காரன் சொல்லி அனுப்பினான். நீலம் எங்கேர்ந்து வந்தது?"

"படத்துலேர்ந்து வந்ததுண்ணா." மாணிக்கவாசகம் சிரித்தார். "அப்பா போயிட்டாரு. அந்தக் கம்பெனியும் போயிடுச்சு. படம் இருக்குது. படத்துல நீலம். சனங்க எதை நம்புவாங்க?"

"பொய்யை நம்புவாங்கன்னு என் பேரை வெச்சுப் பொய் விப்பீங்களா?"

உள்ளே இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாணிக்கவாசகத்தின் சிரிப்பு நின்றது.

"குரலை எறக்குங்கண்ணா. பன்னெண்டு நீலத்துக்குப் பாவு போட்டு வெச்சிருக்கறேன். ஒங்க தறிக்குத்தான். நீங்க மாம்பழம்னு சொல்றதுக்கு யாரு சாட்சி? ஒங்க வாயி. வேற எதுனா காட்டுங்க, இன்னிக்கே பேரை எடுத்துடறேன்."

உமாபதி வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு வெளியே நடந்தார். கோபம் வந்து அவர் பேசாமல் போனதை மாணிக்கவாசகம் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாட்சி இருந்தது. அது உமாபதி வீட்டு மரப்பெட்டியின் அடியில், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, இருபத்திரண்டு வருஷமாய் இருந்தது.

1949 ஜனவரியில் சினிமாக் கம்பெனியிலிருந்து பரசுராமன் என்று ஒருவர் வந்தார். கடையில் பெரிய முதலாளியை வைத்துக்கொண்டு உமாபதியிடம் ஒரு நிபந்தனை போட்டார். இந்தச் சேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூலான பாவில் மிச்சம் இருந்தால் அறுத்து எறிந்துவிடவேண்டும். தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார். உமாபதி அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

பதினெட்டு நாளில் சேலை முடிந்தது. மனைவி காமாட்சியம்மாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடா வீசினாள். முந்தியில் பூ வேலைப்பாடு விழுவதற்குத் தறியின் மேலே நூல் கட்டுவார்கள். அந்தக் கட்டுகளில் ஒரு முடிச்சு பிசகி, நாலாவது அன்னம் பின்னால் திரும்பிக்கொண்டது. பார்த்தபோது நேரமில்லை. கார் வந்து வாசலில் நின்றது. சேலை போயிற்று. தறியில் இன்னொரு சேலைக்குப் பாவு மிச்சம் இருந்தது.

ஏறிய பாவை நடுவில் அறுப்பது அந்தத் தெருவில் நடக்காத காரியம். வீட்டில் இழவு விழுந்தாலும் பாவின் மேல் துணியைப் போட்டு மூடிவைப்பார்களே தவிர, கத்தி வைக்கமாட்டார்கள். உமாபதி கத்தியை எடுத்தார். இரண்டு நாள் எடுத்து எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியை எதிரே உட்காரச் சொன்னார். இரண்டாவது சேலையும் அதே மாம்பழம், அதே அரக்கு, அதே திரும்பிப் பார்க்கும் அன்னத்தோடு இறங்கியது. அதன் பிறகுதான் தறியின் மேலே கட்டிய பூ நூலை அவிழ்த்து எரித்தார். அந்த அன்னம் வேறு எந்தச் சேலையிலும் விழ வழியில்லை.

"எடுத்துக்கினு போய்க் காட்டுங்க," என்றாள் காமாட்சியம்மாள், நடந்ததைக் கேட்டுவிட்டு. "அன்னத்தைப் பாத்தா வாயை மூடிக்குவாரு."

"கற்பூரத்தை அடிச்சவன்டி நான். ரெண்டாவது நெய்தேன்னு எந்த வாயால சொல்றது? அவனுங்க பொய்யைக் கேக்கப்போய் என் பொய்யை விரிச்சுக் காட்டணுமா?"

"சத்தியம் பண்ணது நீங்க. நான் பண்ணல. நான் காட்டறேன்."

"நீ சும்மா இரு. நேத்து அந்தப் பாட்டைப் பத்திப் பக்கத்து ஊட்டுல பேசிக்கினு இருந்தியே, கேட்டேன்."

"பாட்டு நல்லாத்தான் இருந்ததாம். நானும் பாக்கணும்னுதான் சொன்னேன். அதுக்காக மாம்பழம் நீலமாயிடுமா? ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

அவர் பெட்டியைத் திறக்கவிடவில்லை. வேறு வழி தேடினார். அன்று மாலையே படத்தை வெளியிட்ட புதுக் கம்பெனிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். சேலையின் நிறம், கரை, கோபுர வரிசை, அன்னம் எல்லாம் எழுதி, 'தாங்கள் காட்டுவது தவறு. உடனே திருத்தவும்' என்று முடித்திருந்தார்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் தெரு அவரைச் சும்மா விடவில்லை. எதிர் வீட்டு ஜெயம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்டாள்:

"இன்னா பெரிப்பா, நீலம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் நீலமே கட்டியிருப்பேனே? ஊருக்கே மாம்பழத்தைச் சுத்தி வுட்டுட்டீங்களே!"

"நீலம் இல்லம்மா!"

"படத்துலயே காட்டறான், நீங்க இல்லன்றீங்க. போட்டா எடுத்தவனுக்குத் தெரியாதா?"

அவர் அன்று சாப்பிடவில்லை. முகம் தெரியாத கம்பெனிக்காரனைவிட ஜெயம்மாள்மேல்தான் கோபம் அதிகம் வந்தது. 1958-இல் அவளுடைய நலங்குச் சேலையை நெய்தவர் அவர். அவள் அந்தச் சேலையில் எப்படிப் பூரித்து நின்றாள் என்று பார்த்தவர். இப்போது அதே சேலையை ஏமாற்று என்கிறாள்.

ஜூலை 29, வியாழக்கிழமை, கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. தட்டச்சு செய்த நாலு வரி. பழைய பாட்டின் நெகட்டிவ் கெட்டுவிட்டதால் காலத்திற்கேற்பப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். பழைய உடைகளைப் பற்றி அவர்களிடம் விவரம் ஏதும் இல்லை. ரசிகர்களிடம் அமோக ஆதரவு. தங்கள் அன்புக்கு நன்றி.

"அன்பா?" உமாபதி கடிதத்தை நாலாய்க் கிழித்தார். கிழித்ததைப் பொறுக்கி மறுபடியும் சேர்த்து வைத்துப் படித்தார். "அன்புன்னு எழுதறான்டி! விவரம் இல்லையாம். விவரம் இல்லாதவன் வெள்ளையாவே விட்டிருக்கலாமே, எவன் நீலத்தைக் கேட்டான்?"

காமாட்சியம்மாள் உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து, மேலே இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே வைத்து, வெள்ளை வேட்டி மூட்டையை அவர் மடியில் போட்டாள். இந்த முறை அவர் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சி. வந்த நாளிலிருந்து தினம் மூன்று காட்சி என்று கணக்கிட்டால் அந்தச் சிலைடு நாற்பத்தொன்பதாவது முறையாக விழப்போகிறது. உமாபதி மூட்டையோடு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். காமாட்சியம்மாள் பெண்கள் பக்கத்தில் இருந்தாள். துரைக்கண்ணு வழக்கம்போல வந்திருந்தார். இந்த வெட்டுப்பட்ட படத்தை அவர் பார்ப்பது அது ஆறாவது முறை.

பல்பொடி போயிற்று. குடை போயிற்று. உமாபதி எழுந்து, திரைக்கு முன்னால் இருந்த குறுகிய மேடையில் ஏறினார். மூட்டையை அவிழ்த்து, முந்தியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார்.

சிலைடின் வெளிச்சம் சேலையின் மேல் விழுந்தது. மாம்பழ நிறம் சுடர்விட்டது. 'அசல்' என்ற எழுத்து அரக்குக் கரையில் நெளிந்தது. பதினோரு அன்னங்களின் மேல் 'உமாபதி' என்ற பெயர் கோணலாய் ஓடியது.

முதலில் சிரித்தார்கள். "புது விளம்பரம்டா!" என்று எவனோ கத்தினான். பிறகு முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அன்னத்தைப் பாருங்கப்பா! நாலாவது அன்னம்!" என்றார். பழைய படம் பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"பாத்துக்கோங்க!" உமாபதி குரலை உயர்த்தினார். "இப்பத்தான் படத்துல பாத்தீங்க இந்த அன்னத்தை. ஒரே பாவுல நெய்தது. மாம்பழம்! அரக்கு! நீலம் பொய். ரோஜாக் கரை பொய். அதுல என் பேர் இருக்கறது பெரிய பொய்!"

"அப்ப இது ஏது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஒண்ணுதான் நெய்தேன்னு சொல்லுவீங்களே?"

உமாபதி சேலையைத் தாழ்த்தவில்லை.

"ரெண்டு நெய்தேன். ஒண்ணுக்கு மேல நெய்ய மாட்டேன்னு கற்பூரம் அடிச்சேன். அடிச்சுட்டு நெய்தேன். பாவை அறுக்கக் கை வரல. என் பொய்யை நானே சொல்லிட்டேன். இப்ப அவனுங்க பொய்யை அவனுங்க சொல்லட்டும்!"

கொட்டகை இரண்டாய்ப் பிரிந்து கத்தியது. "மாம்பழம்தான்யா அழகு!" "அடப்போ, நீலம்தான் ஷோக்கு!" "கற்பூரம் அடிச்சுப் பொய் சொன்னவன் இப்ப மட்டும் நெசமா சொல்லுவானா?" "எறங்குபா, படத்தைப் போடட்டும்!" பெண்கள் பக்கத்திலிருந்து காமாட்சியம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பியது: "கரை நாடா வீசினவ நான் இருக்கறேன், எங்கிட்ட வந்து கேளுடா எவனா இருந்தாலும்!"

குப்புசாமி ஓடிவந்து அவரை இறக்கினார். கீழே துரைக்கண்ணு நின்றிருந்தார். முகம் விழுந்துபோயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னியேபா," என்றார். "உலகத்துலயே ஒண்ணுதான், அதை நெய்தவன் என் சிநேகிதன்னு எத்தினி பேர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"நெறம் நெசம்டா."

"நெறம் நெசம்தான்." துரைக்கண்ணு சேலையைத் தொடக் கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டார். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். படம் தொடர்ந்து ஓடியது.

மறுநாள் காலையில் கடையிலிருந்து ஆள் வந்தது. பேரை எடுத்தாயிற்று என்றான். உமாபதி தறியை விட்டு ஏறினார்.

"மொதலாளி ஒத்துக்கினாரா, மாம்பழம்னு?"

"அதெல்லாம் தெரியாதுங்க. சத்தியம் பண்ணிட்டு ரெட்டை நெய்யற ஆள் பேரை வெச்சா கடைக்குத்தான் கெட்ட பேர்னு சொன்னாரு. நாளைக்கு ஒரு பெரிய எடத்துல ஒண்ணே ஒண்ணு வேணும்னு கேட்டா யாரு நம்பிக் குடுப்பாங்கன்னாரு. ஒங்களுக்கு இனிமே பாவு இல்லைன்னும் சொல்லச் சொன்னாரு."

கேட்டது கிடைத்துவிட்டது. பெயர் போய்விட்டது. உமாபதி அன்று பகல் முழுக்க வீட்டுக்கும் தெருமுனைக்குமாய் நடந்தார். பொய்யிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னார். பெயரைத்தான் பொய் என்று சொல்லி எடுத்திருக்கிறார்கள். பார்த்தே தீரவேண்டும் என்று மறுநாள் பகல் காட்சிக்குப் போனார். அதே சிலைடுதான். கண்ணாடியில் அவர் பெயர் இருந்த இடத்தை ஊசியால் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய இடம் திரையில் வெள்ளை வெள்ளையாய்க் கீறித் தெரிந்தது. 'அசல் ஊஞ்சல் சேலை', 'அதே நீலம்' என்ற எழுத்துகள் அப்படியே இருந்தன. இந்த முறை அவர் பெஞ்சின் மேல் ஏறவில்லை. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, படம் முடியுமுன்பே வெளியே வந்தார்.

நாற்பத்திரண்டு நாள் அவர் தறி சும்மா கிடந்தது. பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் பாவு கொடுத்தார்கள். அங்கே அவர் நெய்த முதல் சேலைக்கு, சங்கத்துக்காரர் வாயெடுக்கும் முன்பே, "நீலம் குடுத்தீங்கன்னா எழுந்து போயிடுவேன்," என்று சொல்லித்தான் பாவு வாங்கினார். அடுத்து வந்த கல்யாணக் காலத்தில் அவருக்குத் தெரிந்து அந்த ஒரு தெருவிலேயே ஒன்பது நீல ஊஞ்சல் சேலைகள் தறியில் ஏறின. ஒவ்வொன்றும் இறங்கும்போதும் அவர் அந்த வீட்டைத் தாண்டிப் போகையில் காறித் துப்பினார். அந்த வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மணப்பெண்ணிடமே, "இது அது இல்லம்மா," என்று சொல்லிவிட்டு வந்தார்.

படம் ஐந்து வாரத்தில் கொட்டகையை விட்டுப் போயிற்று. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காமாட்சியம்மாள் குளித்து, பெட்டியைத் திறந்து, மாம்பழச் சேலையைக் கட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதை நிழலில் உலர்த்தி மடித்து வைத்திருக்கிறாள். உடம்பில் சுற்றியது அன்றுதான். கையில் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கடி கெளம்பிட்ட, இதைக் கட்டிக்கினு?"

"கீரை வாங்க."

"கீரை வாங்கவா?"

"ஒளிச்சு வெக்கறதுக்கு இன்னா இருக்குது இனிமே? அதான் ஊருக்கே சொல்லிட்டீங்களே."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். உமாபதி சட்டையை மாட்டிக்கொண்டு நாலடி பின்னால் ஓடினார். கடைத்தெருவில் சைக்கிள்காரன் ஒருவன் உரசப் பார்க்க, "கண்ணு இருக்குதாடா ஒனக்கு? பட்டுடா!" என்று எகிறினார். துரைக்கண்ணு கடையில் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்திவிட்டு முந்தியைப் பார்த்தார். உதடு அசைந்தது, அன்னத்தை எண்ணுகிறார் என்று தெரிந்தது. நாலில் நின்றார். மறுபடியும் பம்பை அழுத்தத் தொடங்கினார். அவர் உமாபதியோடு பேச இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

கீரைக்காரி பொன்னியம்மாள் கட்டைப் பிரித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குதும்மா. இன்னா சேலை இது?"

உமாபதி வாயைத் திறந்தார். காமாட்சியம்மாள் அவரைப் பேசவிடவில்லை.

"என் சேலைம்மா," என்றாள். "அரைக்கீரை ரெண்டு கட்டு குடு."